பொலேரோவில் வழுக்கலாம், மாலரில் வேண்டாம்: டிராம்போன் சோலோவில் எங்கே எவ்வளவு சுதந்திரம்?

ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போன் என்ற பித்தளைக் குழல்காரருக்கு சோலோ, அதாவது தனியாக வாசிக்கும் இடம், அடிக்கடி வருவதில்லை. வரும்போது ஒரு பழைய வழக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது: ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாமா, இல்லை ஒவ்வொன்றையும் சுத்தமாகப் பிரித்து நிறுத்த வேண்டுமா? ஆசிரியர் ஒன்று சொல்வார், பக்கத்து நாற்காலிக்காரர் வேறொன்று சொல்வார், ரெக்கார்டிங்குகளைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாக இருக்கும். ஆடிஷனுக்கோ கச்சேரிக்கோ தயாராகிறவர் கடைசியில் ஏதாவது ஒன்றை முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

நடைமுறையில் மூன்று வழிதான் உண்டு. ஒன்று, துளி வழுக்கல் இல்லாத சுத்தமான லெகாட்டோ, அதாவது ஸ்வரங்களை இடைவெளியில்லாமல் கோத்து வாசிப்பது. இரண்டு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு லேசான வழுக்கல். மூன்று, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி வெளிப்படையாக வழுக்குவது. பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று பலரும் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை, மூன்றிலும் ஆபத்தானது அதுதான். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கருவியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் பாதி ரசனை என்றால் மீதி பாதி வெறும் பித்தளைக் குழாயின் நீளம்.

ஸ்லைடு என்ற இழுத்து நீட்டும் குழாயில் ஏழு பொசிஷன்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை ஸ்வரம். ஸ்லைடை அசைக்காமல் உதட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றிக் கிடைக்கும் ஒவ்வொரு ஸ்வரப் படியும் ஒரு ஹார்மோனிக். ஒரே ஹார்மோனிக்கில் உதட்டை வைத்துக்கொண்டு ஸ்லைடை நகர்த்தினால் மட்டுமே உண்மையான, இடைவெளி இல்லாத வழுக்கல் கிடைக்கும். ஹார்மோனிக் மாறினால் நடுவில் ஒரு உடைப்பு வரும், அதை எவ்வளவு மூச்சு கொடுத்தாலும் மறைக்க முடியாது. ஆக, முதல் பொசிஷனிலிருந்து ஏழாவது வரை போனால் ஆறு அரை ஸ்வரங்கள், அவ்வளவுதான் எல்லை. பார்டோக் 1943-இல் எழுதிய ஆர்கெஸ்ட்ராவுக்கான கன்சர்ட்டோவில் பேஸ் டிராம்போனுக்கு கீழ் பி (B) ஸ்வரத்திலிருந்து எஃப் (F) வரை ஒரு கிளிஸாண்டோ, அதாவது எழுதியே காட்டிய வழுக்கல், கொடுத்திருக்கிறார், சரியாக அந்த எல்லைக்குள் அடங்குவது அது. ஆனால் கூடுதல் குழாயைத் திறந்துவிடும் எஃப் வால்வு ஒன்று மட்டும் உள்ள கருவியில் அந்த பி எட்டாது, வால்வை அழுத்தியதும் குழாய் நீண்டுவிடுவதால் பொசிஷன்களும் அகன்று போய் ஏழாவதற்கு ஸ்லைடில் இடம் இருக்காது. ஆக, வழுக்குவது என்பது நினைத்த இடத்தில் எல்லாம் தூவுகிற அலங்காரம் இல்லை. எந்த ஸ்வரத்தை எந்தப் பொசிஷனில் எடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தால்தான் வரும்.

சரி, சுத்தக் கட்சிக்காரர்களின் வாதத்தை முதலில் கேட்போம், அதில் நியாயம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இசையமைப்பாளர்கள் டிராம்போன் கிளிஸாண்டோ வேண்டுமென்றால் அதை எழுதியே காட்டியிருக்கிறார்கள். ஷோன்பெர்க் 1903-இல் முடித்த 'பெலியாஸ் உண்ட் மெலிசாண்டே'வில் அது இருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'புல்சினெல்லா'வில் (1920) டிராம்போனும் டபுள் பேஸும் மல்லுக்கட்டும் இடத்தில் இருக்கிறது. கோடாயின் 'ஹாரி யானோஸ்' தொகுப்பில் நெப்போலியன் தோற்கிற இடத்தில் டிராம்போன்கள் வழுக்கித்தான் ஏளனம் செய்கின்றன. எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், எழுதாத இடத்தில் அவர்களுக்கு வேண்டாம் என்றுதானே பொருள்? இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. ஹென்றி ஃபில்மோர் என்ற அமெரிக்க பேண்ட் மாஸ்டர் 1908-இலிருந்து 1929 வரை வரிசையாகப் பதினைந்து டிராம்போன் வேடிக்கைத் துண்டுகளை எழுதினார், எல்லாமே வழுக்கலை நம்பி நிற்பவை, அவற்றின் தலைப்புகளிலும் விளம்பரங்களிலும் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடை மரபின் கறை அப்பட்டமாகத் தெரியும். சர்க்கஸ், கோமாளி, கேலி என்று அந்த ஒலிக்கு ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அந்த முத்திரை தன் மேல் விழுந்துவிடக் கூடாது என்று சிம்ஃபனி வாசிப்பவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. எழுதப்பட்ட கிளிஸாண்டோக்கள் எல்லாம் விசேஷ விளைவுகள், தடால் என்று காதில் விழ வேண்டியவை. பாடகர்களும் வயலின்காரர்களும் ஒரு மெலடியின் இரண்டு ஸ்வரங்களை இணைக்கப் பயன்படுத்தும் போர்ட்டமென்ட்டோ வேறு ஜாதி. அதைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைத்ததில்லை, வாசிக்கத் தெரிந்தவர் போடுவார் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டார்கள். மெங்கல்பெர்க் 1939-இல் ஆம்ஸ்டர்டாமில் கான்சர்ட்கெபௌ ஆர்கெஸ்ட்ராவோடு நடத்திய மாலர் நான்காம் சிம்ஃபனியின் ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஸ்கோரில் ஒரு குறியும் இல்லாத இடங்களில் கூட வயலின்கள் ஒட்டுமொத்தமாக வழுக்கிக்கொண்டு போகும், இன்றைய காதுக்கு முதலில் திடுக்கிடலாக இருக்கும். மாலரையே நேரில் அறிந்த கண்டக்டர் அவர். அதனால் 'எழுதவில்லை, ஆகவே வேண்டாம்' என்ற விதி அந்தக் காலத்து இசைக்கு அப்படியே பொருந்தாது.

அப்போ எதை வைத்து முடிவு செய்வது? என் அளவுகோல் இது: அந்த சோலோவில் எது பூட்டப்பட்டிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். காலம் பூட்டப்பட்டிருந்தால் சுருதியில் விளையாட இடம் உண்டு. காலம் திறந்திருந்தால் சுருதியைத் தொடாதீர்கள், அங்கே காலமே போதும். இரண்டையும் ஒரே சமயத்தில் தளர்த்தினால் மெலடிக்கு எலும்பே இல்லாமல் போய்விடும்.

ராவெலின் 'பொலேரோ' (1928) முதல் வகைக்கு அப்பட்டமான உதாரணம். ஸ்னேர் டிரம் முதல் பாரிலிருந்து ஒரே தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, வேகம் மாறவே கூடாது. 1930 மே மாதம் டோஸ்கனினி என்ற கண்டக்டர் பாரிஸில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு வந்து இதை வேகமாக ஓட்டியபோது ராவெல் அதை ஏற்கவில்லை, நேரிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு வேகத்தில் அவ்வளவு பிடிவாதம். சோலோக்காரருக்கு அங்கே ரூபாட்டோ என்ற கதவே, அதாவது காலத்தை இழுத்தும் தளர்த்தியும் வாசிக்கும் வழியே, கிடையாது. மெலடி பத்து முறை சுற்றி வந்த பிறகுதான் டிராம்போன் நுழைகிறது. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த உதட்டோடு, ஆறிப்போன மவுத்பீஸோடு, உயரமான பி ஃபிளாட்டில், அதுவும் சத்தம் போடாமல். பிறகு டி ஃபிளாட் வரை ஏற வேண்டும். இதே இரண்டாவது மெலடியை டிராம்போனுக்குச் சற்று முன்னால் டெனர் சாக்ஸஃபோனும் அதைத் தொடர்ந்து சோப்ரானோ வகை சாக்ஸஃபோனும் வாசித்துவிட்டுப் போயிருக்கும். டெனர் சாக்ஸுக்கு ராவெல் வைப்ராட்டோவோடு (ஸ்வரத்தை லேசாக அதிரவிட்டு) உணர்ச்சியாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மெலடியின் ஜாதகமே அப்படி: ஃபிளாட் ஸ்வரங்களில் ஏங்கி ஏங்கித் தொங்குவது, தாளத்துக்கு எதிராகப் பிடிவாதமாக ஒத்தி ஒத்தி வருவது. சாக்ஸஃபோன் அப்படி ஒரு வாசனையைப் போட்டுவிட்டுப் போன பிறகு டிராம்போன் வந்து அதையே ஒவ்வொரு ஸ்வரமாகக் கழுவித் துடைத்து வைத்தால் மெலடியின் கதை நடுவில் அறுந்துபோகிறது. அதனால் பொலேரோவில் நான் வழுக்கல் கட்சி, தயங்காமல் சொல்வேன். (உங்கள் பார்ட்டில் கோடு போட்டே இருக்கும் இடங்கள் தேர்வுக்கு வெளியே, அவை கட்டளை. கோடு இல்லாத இணைப்புகளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.)

எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மேல் டி ஃபிளாட்டை எல்லோரும் இரண்டாவது பொசிஷனில், பத்தாவது ஹார்மோனிக்கில் எடுப்பார்கள். அங்கிருந்து பி ஃபிளாட்டுக்கு இறங்க வேண்டுமானால் வழக்கமான வழி முதல் பொசிஷனுக்குத் தாவி எட்டாவது ஹார்மோனிக்கில் விழுவது. சுருதி உறுதியாக இருக்கும், ஆனால் வழுக்கல் அங்கே சாத்தியமே இல்லை, ஹார்மோனிக் மாறுகிறது, ஸ்லைடும் எதிர்த் திசையில் போகிறது. அதே பி ஃபிளாட் ஐந்தாவது பொசிஷனில் பத்தாவது ஹார்மோனிக்காகவும் இருக்கிறது. சி மூன்றாவதில். இரண்டு, மூன்று, ஐந்து என்று ஸ்லைடு வெளியே போகப் போக ஸ்வரம் உடையாமல் இறங்கும். பத்தாவது ஹார்மோனிக் இயல்பாகவே சற்றுத் தாழ்ந்து ஒலிப்பது, அதனால் ஒவ்வொரு பொசிஷனையும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும், காதுதான் அளவு. இதே கணக்கு பி ஃபிளாட்டிலிருந்து ஏ, ஜி என்று இறங்கும் எந்த இடத்துக்கும் உண்டு. மேல் ஜி-யை இரண்டாவது பொசிஷனை உள்ளே இழுத்து ஏழாவது ஹார்மோனிக்கில் எடுப்பதுதான் பழக்கம். நாலாவது பொசிஷனில் எடுத்தால் மட்டுமே பி ஃபிளாட், ஏ, ஜி மூன்றும் ஒரே எட்டாவது ஹார்மோனிக்கில் ஒன்று, இரண்டு, நாலு என்று வழுக்கக் கிடைக்கும்.

அடுத்தது நேரம். இங்கேதான் பெரும்பாலான வழுக்கல்கள் கெட்டுப்போகின்றன. முதல் ஸ்வரத்தை அதன் மதிப்பு கிட்டத்தட்ட முடியும் வரை அசையாமல் நிறுத்துங்கள். கடைசித் துளியில் மட்டும் ஸ்லைடு கிளம்ப வேண்டும், மூச்சு அறுபடக் கூடாது, நாக்கு தொடக் கூடாது, புதிய ஸ்வரம் தாளத்தின் மேல் சரியாக உட்கார வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் முதல் ஸ்வரம் அழுகிவிடும், தாமதமாகச் சேர்ந்தால் பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கும் ஸ்னேர் டிரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முழு சோலோவிலும் இப்படி ஓரிரண்டு இணைப்பு போதும். எல்லா இணைப்பிலும் போட்டால் எதிலும் போடாதது மாதிரிதான், காது மரத்துப்போகும்.

மாலரின் மூன்றாம் சிம்ஃபனி இதற்கு நேர் எதிர். 1902-இல் கிரேஃபெல்ட் நகரில் மாலரே முழுவதுமாக முதன்முறை நடத்திய சிம்ஃபனி இது. அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அதன் முதல் பகுதியில் டிராம்போன் பல முறை தனியாக எழுந்து பேசுகிறது. ஆமாம், பேசுகிறது, மெலடி பாடுவதை விட ஒரு பிரகடனம் செய்வதற்குத்தான் அது நெருக்கம். அடியில் ஆர்கெஸ்ட்ரா நடுங்கிக்கொண்டு காத்திருக்க, நல்ல கண்டக்டர்கள் அங்கே டிராம்போன்காரரின் மூச்சைப் பின்தொடர்ந்துதான் போவார்கள். நீண்ட ஸ்வரத்தை எவ்வளவு தாங்குவது, மௌனத்தை எவ்வளவு விடுவது, அடுத்த வாக்கியத்தை எவ்வளவு அவசரத்தோடு தொடங்குவது எல்லாம் உங்கள் கையில். இவ்வளவு சுதந்திரம் கையில் இருக்கும்போது வழுக்கலையும் சேர்த்தால் அந்தக் கம்பீரம் ஒரே நொடியில் ஒழுகிவிடும். பிற்பகுதியில் சோலோ மென்மையாகத் திரும்பும் இடத்தில் 'சென்டிமென்டல்' என்றே மாலர் எழுதியிருப்பதைக் காட்டி, இங்கேயாவது வழுக்கலாமே என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த மெங்கல்பெர்க் ஒலிப்பதிவை மேலே சாட்சிக்கு அழைத்த நானே இங்கே வேண்டாம் என்பது முரணாகத் தோன்றலாம். வயலின்கள் அங்கே மெலடி பாடுகின்றன, காலம் அவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறது. இங்கே ஒரே ஒரு ஆள், காலம் அவர் கையில். 'சென்டிமென்டல்' என்ற அந்தச் சொல்லுக்கு லெகாட்டோவின் மென்மையும், ஸ்வரங்களின் முடிவைத் தளர்த்துவதும், கொஞ்சம் வைப்ராட்டோவும் போதும். ஒரே ஒரு இணைப்பில், அதுவும் கண்டக்டர் கேட்டால், போடலாம். அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

மொசார்ட்டின் 'ரெக்வியெம்' (1791) பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'டூபா மீரும்' பகுதியைத் தொடங்குவது டெனர் டிராம்போன், உடனே பேஸ் பாடகர் வந்து அதே சொற்றொடரை எடுத்துக்கொள்கிறார். தீர்ப்பு நாளின் எக்காளத்தைப் பற்றிய வரி அது, தொடக்கமோ ஹார்மோனிக்குகளில் தாவும் ஆர்ப்பெஜியோ, அதாவது ஒரு கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எடுப்பது. கருவியே அங்கே வழுக்க விடாது, விடும் இடங்களிலும் வேண்டாம். உங்கள் சுதந்திரம் எல்லாம் பாடகரின் உச்சரிப்போடு ஒத்துப்போவதில் இருக்கிறது: அவர் எந்த அசையில் அழுத்துவார், எங்கே மூச்சு விடுவார் என்று ஒத்திகையிலேயே கேட்டு வையுங்கள். ரிம்ஸ்கி-கோர்ஸகோவின் 'ரஷ்ய ஈஸ்டர் ஓவர்ச்சர்' (1888) சோலோவும் அப்படித்தான், தேவாலயத்தில் பூசாரி ஓதுவதைப் போன்றது, ஓதுபவர் வழுக்க மாட்டார். சிபேலியஸின் ஏழாம் சிம்ஃபனியில் (1924) வரும் அந்தப் பெரிய மெலடிக்கும் அகலமும் பொறுமையும் போதும்.

இப்போது அந்த நடுவழிக்கு வருகிறேன். லேசாக, யாருக்கும் உறுத்தாமல் வழுக்குவது ஏன் மோசம்? டிராம்போனில் சுத்தமான லெகாட்டோ என்பதே பெரும் உழைப்பு. ஸ்லைடு நகரும் அந்த இம்மி நேரத்தை மிருதுவான நாக்கால் மறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நாக்கு ஒரு நூலிழை பிந்தினால் தேவையில்லாத வழுக்கல் கேட்கும். ஒவ்வொரு மாணவரும் முதல் சில வருடங்கள் இதோடுதான் போராடுகிறார். ஆகவே பயிற்சியுள்ள காது ஒரு சின்ன வழுக்கலைக் கேட்டவுடன் முதலில் நினைப்பது 'நாக்கு பிந்திவிட்டது' என்றுதான், 'என்ன ஒரு வெளிப்பாடு' என்று இல்லை. வயலின்காரருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. வேண்டுமென்றே செய்ததும் தவறிப்போனதும் ஒரே மாதிரி கேட்கிற ஒரே இடம் அந்த நடுவழிதான். அதனால்தான் சொல்கிறேன்: வழுக்கினால் அது உங்கள் முடிவு என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் சுத்தமாக வாசியுங்கள். உங்களுக்கே சந்தேகமாக இருந்தால் ஸ்கோரைப் பார்க்காத ஒரு நண்பரிடம் ரெக்கார்டிங்கைக் கொடுத்து எந்த இடத்தில் வழுக்கினேன் என்று கேளுங்கள். அவர் கேட்டது நீங்கள் நினைத்த இடமாகவே இருந்தால் சரி. வேறு எங்கேயாவது காட்டினால் லெகாட்டோவுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆடிஷனுக்கும் கச்சேரிக்கும் ஒரே முடிவு பொருந்துமா என்றால் பொருந்தாது. ஆடிஷனில் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் சாக்ஸஃபோன் இல்லை, ஸ்னேர் டிரம் இல்லை, பத்து முறை சுற்றி வந்த மெலடியும் இல்லை. வெறும் மௌனத்திலிருந்து உங்கள் பி ஃபிளாட் வருகிறது. நான் வழுக்கலுக்குக் காட்டிய காரணங்களில் பாதி அங்கே காணாமல் போய்விடுகிறது. சுருதி, தாளம், ஒலித்தரம் மூன்றையும் உறுதியாக நிரூபிப்பதுதான் அங்கே வேலை, ஆகவே அச்சில் உள்ளதை மட்டும் வாசியுங்கள், ஒரே ஒரு கூடுதல் வழுக்கல் போடுவதானால் அது முழுமையாகவும் தாளத்துக்குள்ளும் இருக்கட்டும். வேலை கிடைத்த பிறகு, ஒத்திகையில் உட்கார்ந்து டெனர் சாக்ஸ்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டு முடிவு செய்யலாம். அவர் ஏற்கெனவே நிறைய வழுக்கினால் நீங்கள் குறையுங்கள். அவர் சுத்தமாக வாசித்தால் உங்கள் ஒன்றிரண்டு இணைப்பு நன்றாக எடுபடும். அவரைப் போலவே வாசிக்க வேண்டாம், அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனால் போதும்.

கருவியின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. இன்றைய சிம்ஃபனி டெனர் டிராம்போனின் குழாய் உள்விட்டம் பெரும்பாலும் 13.9 மில்லிமீட்டர். ஜாஸ் வாசிப்பவர்கள் வைத்திருப்பவை 12.7 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். ராவெல் காலத்து பிரெஞ்சு ஆர்கெஸ்ட்ராக்களில் இருந்த கருவிகளும் குறுகலானவைதான். குறுகலான குழாயில் வழுக்கல் மனிதக் குரல் மாதிரி மெலிந்து வரும், அகலமான குழாயில் அதே வேகத்தில் அதே தூரம் வழுக்கினால் கனமாக, சோம்பலாகக் கேட்கும். பெரிய கருவியில் வாசிக்கும்போது வழுக்கல் இன்னும் குறுகியதாகவும் இன்னும் தாமதமாகவும் இருக்க வேண்டும், ஒலியளவையும் அந்த நொடியில் இம்மியளவு இறக்கிக்கொள்ளலாம். பொலேரோவுக்காக மட்டும் சின்னக் கருவியை எடுத்து வருபவர்களும் உண்டு. உயர் ஸ்வரங்களுக்கு அது உதவியாக இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு வரும் கூட்டு வாசிப்பில் மற்ற டிராம்போன்களோடு ஒலி கலக்குமா என்று முதலில் உங்கள் வரிசைக்காரர்களிடம் கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள்.

கடைசியாக, கண்டக்டர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான், அந்த இடத்தில் விவாதம் செய்து ஒத்திகை நேரத்தைத் தின்னக் கூடாது. ஐந்தாவது பொசிஷன் பி ஃபிளாட்டையும் நாலாவது ஜி-யையும் அதற்காகப் பயிற்சியிலிருந்து தூக்கிவிடாதீர்கள். அடுத்த கண்டக்டர் வந்து 'இங்கே கொஞ்சம் பாடுங்களேன்' என்று கேட்கும் நாளில் அவை தேவைப்படும், அன்றைக்குப் புதிதாகப் பொசிஷன் தேடிக்கொண்டிருக்க முடியாது.